புத்தகம் மாறிய தாள்

அண்மையில் வாசித்த நாவல்களைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதித் தரும்படி நம் வாசகர் வட்டத்தில் எல்லாரையும் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் கொடுத்துவிட்டீர்கள். நான் மட்டும் மூன்று மாதமாகச் சாட்டுச் சொல்கிறேன். கண் சரியில்லை என்றேன், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். இரண்டும் பொய். எனக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்க வரும்.

வாசிக்காமலும் இல்லை. அக்காவின் பேத்தி கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவருகிறாள். போன மாதம் மூன்று வாசித்தேன். ஒன்று மாய உலகக் கதை. கடலுக்கடியில் ஒரு ராச்சியம், அங்கே மனிதர்கள் தங்கள் நினைவுகளைக் கழற்றி முத்தாக்கி விற்கிறார்கள். கற்பனை நல்லதுதான். ஆனால் அறுநூறு பக்கத்தில் பாதி, யார் எந்தக் குடி, எந்தக் குடிக்கு எந்தக் குடி பகை என்ற விளக்கம். குடி விசாரிக்க நான் ஏன் கடலுக்கடியில் போக வேண்டும்? எங்கள் மாமி அதை விறாந்தையில் இருந்தே சொல்லியிருப்பாள்.

அடுத்தது காதல் நாவல். முப்பதாம் பக்கத்தில் அவன் அவளுடைய கையைப் பிடித்து உலுக்கி ஏசுகிறான். தொண்ணூறாம் பக்கத்தில் அவளுக்கு அவன்மேல் உயிர். இடையில் என்ன நடந்ததென்று இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். மழை பெய்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவதும் காதல் கதை. ஒரு கடிதம் தவறிப்போனதால் இரண்டு பேர் இருபது வருடம் பிரிந்திருக்கிறார்கள். "ஒரு தாளால இவ்வளவு நடக்குமா அம்மம்மா?" என்று பேத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்த நாலு வரி எழுதவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது. புத்தகமொன்றைப் பற்றி நான் கடைசியாக மனந்திறந்து எழுதியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த எழுத்தால் என் அக்காவின் வாழ்க்கை போயிற்று. நாவல் விமர்சனம் கேட்ட உங்களுக்கு நான் தரக்கூடியது இதுதான். பிடிக்காவிட்டால் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஆவணி விடுமுறை, கச்சான் காற்றுக் காலம். உங்களுக்குத் தெரியாத காற்றா? மேற்கே வவுணதீவு வயல்வட்டைகளில் அறுவடை முடிந்து கிடக்கும் வெக்கையை எல்லாம் வாரிக்கொண்டு ஆற்றைக் கடந்து வரும். உதடு வெடிக்கும். தோய்த்த சீலை கொடியிலேயே மொறுமொறுக்கும். திறந்த யன்னல் எல்லாம் அடித்துக்கொள்ளும். ஆறு என்று நான் சொல்வது வாவியைத்தான். புத்தகத்தில் வாவி என்று படித்தாலும் நம் வீடுகளில் அது ஆறுதான், அதன் கரை ஆத்தங்கரைதான். இந்தச் சொல்லும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அப்பா ஓவசியர். ரோட்டு வேலை பார்க்கத் திங்கட்கிழமை போனால் வெள்ளி பின்னேரம் தார் மணத்தோடு வருவார். நேர்மையானவர், ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவர். சிரித்தால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தார்கள் போலும். அம்மா அதிகம் பேசமாட்டாள். வாயில் எப்போதும் வெற்றிலை, வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் எப்போதும் சுண்ணாம்பு. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.சி. சோதனை நன்றாகச் செய்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். வாசிக்கும்போது பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். சோகமான இடம் வந்தால் பின்னல் ஈரமாகிவிடும்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மந்திரவாதி, பூதம், பறக்கும் குதிரைக் கதைகள் வாசிக்கலாம். அவை பிள்ளைகளுக்கானவை, பொய் என்று எல்லாருக்கும் தெரியும். காதல் நாவல் கூடாது. "அது பொம்புளப் புள்ளையளக் கெடுத்துப் போடும்" என்பார் அப்பா. ஆகவே நான் வெளிப்படையாக வாசித்தேன், அக்கா ஒளித்து வாசித்தாள்.

எங்கள் வாசிகசாலை ஒற்றை அறை. நடுவில் பத்திரிகை மேசை, சுவரோரம் சமய நூல்களும் சிறுவர் கதைகளும். அதைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாசிகசாலை மாஸ்டர் என்போம். அவருடைய கதிரைக்குப் பின்னால் பூட்டுப் போட்ட அலுமாரி ஒன்று. இந்திய வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வெட்டி, தைத்து, தடித்த மட்டை போட்டு அதற்குள் வைத்திருந்தார். திறந்தால் துத்தம் கலந்த பசை மணமும் பூச்சி உருண்டை மணமும் மூக்கில் ஏறும். நம்பிக்கையான ஆட்களுக்கு மட்டும், பத்திரிகைத் தாளில் சுற்றி, பதிவுக் கொப்பியில் எழுதாமல் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் தையல் பழகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அக்கா அங்கேதான் போவாள். எடுத்த புத்தகத்தை ஆத்தங்கரைப் பூவரசின் கீழ் இருந்து பாதி வாசித்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து றங்குப் பெட்டியில் சீலைகளுக்கு அடியில் வைப்பாள். அவள் முடித்ததும் நான் வாசிப்பேன். எனக்குக் காதல் நாவல்கள் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்காகவே வாசித்தேன்.

அந்த வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கொப்பித் தாளைக் கிழித்து, வாசித்த புத்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதி, அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அடுத்து எடுக்கிறவர் ஏமாறக் கூடாதே! புத்தகத்துக்குள் இருக்கும் தாளுக்குப் புத்தகத்தின் பெயர் எதற்கு? எழுதமாட்டேன். கீழே 'ஒரு வாசகி' என்று மட்டும் போடுவேன். ஒரு மாயக் கதைக்கு இப்படி எழுதியது ஞாபகம்: 'இந்தச் சூனியக்காரி நூறு வருடமாகக் குகையில் இருக்கிறாள். ஆனால் ஒரு நாளும் சமைக்கவில்லை. எதைச் சாப்பிடுகிறாள்? எழுதியவர் ஆண்பிள்ளை, அதுதான் யோசிக்கவில்லை.' அக்கா அதை வாசித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ எழுதினதுதான் கதைய விட நல்லா இரிக்கு புள்ள" என்றாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்குப் பிறகு நிறுத்துவேனா?

அந்த மாதம் அக்கா கொண்டுவந்த நாவல் ஓர் ஆற்றங்கரைக் காதல். எங்கோ இந்தியாவில் உள்ள ஆறு. பணக்காரப் பெண் ஒருத்தி, ஊருக்கு நிலம் அளக்க வந்த சர்வேயர் ஒருவன். நானும் அக்காவும் அந்தச் சர்வேயரைப் பற்றி இரண்டு நாள் சண்டை பிடித்தோம். அக்கா அவன் பக்கம். கடைசி அத்தியாயங்கள் அந்தத் தைத்த கட்டுக்குள் இருக்கவில்லை, ஆகவே சண்டை தீரவும் வழியில்லை. இன்னொன்றும் கவனித்தேன், அக்கா முடிக்குமுன் ஒருநாள் களவாகப் புரட்டிப் பார்த்தபோது. அக்கா இன்னும் போய்ச் சேராத பக்கங்களின் மூலையில் வெள்ளையாகச் சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தன. அம்மா பகலில் றங்குப் பெட்டியைத் திறக்கிறாள் என்று விளங்கியது. நான் யாருக்கும் சொல்லவில்லை. அதில் எனக்கொரு சந்தோசமும் இருந்தது, வீட்டில் மூன்று வாசகிகள் என்று.

அந்த நாவலுக்கும், நான் எடுத்திருந்த மந்திரவாதிக் கதைக்கும் ஒரே நாளில் அபிப்பிராயம் எழுதி மேசையில் வைத்திருந்தேன். கச்சான் யன்னலைத் தள்ளித் திறந்தது. தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. அக்கா வாசலில் நின்று, "கெதியா வா புள்ள, பொழுதாகுது" என்று அவசரப்படுத்தினாள். பொறுக்கி எடுத்து, பார்க்காமல் இரண்டு புத்தகத்துக்குள்ளும் சொருகிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மந்திரவாதிக் கதையை அந்தக் கிழமையே எங்கள் போதகரின் மனைவி, போதகரம்மா, எடுத்துப் போயிருக்கிறா, ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல. அதற்குள்ளிருந்து விழுந்த தாளில் இப்படி எழுதியிருந்தது. ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

'மூன்று மாதமாக அவன் அவளை ஆற்றங்கரையில் சந்திக்கிறான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பொய் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அக்கா சொல்கிறாள், அவன் நல்லவன், கைவிடமாட்டான் என்று. எனக்கு நம்பிக்கை இல்லை. இவள் கடைசியில் ஆற்றில் விழுந்து சாவாள், அல்லது யாரோ கிழவனைக் கட்டிக்கொண்டு சாகாமல் இருப்பாள். ஒரு வாசகி.'

போதகரம்மாவுக்கு என் கையெழுத்துத் தெரியும். வேத வசனம் மனனம் செய்து எழுதியதற்கு எனக்குப் பரிசு தந்தவரே அவதான். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தாளை மடித்து, "உங்கட நன்மைக்குத்தான்" என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்தா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உடுப்பு மாற்றாமல் விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"இது ஆர்ர எழுத்து?"

"என்ட."

"என்னத்தப் பத்தி எழுதின நீ?"

"புத்தகத்தப் பத்தி அப்பா."

"மந்திரவாதியிட கதையில ஆர் ஆத்தங்கரையில சந்திக்கிற?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முன்னுக்கு வந்தாள். "அது வேற புத்தகம் அப்பா. ஒரு நாவல். நான்தான் கொண்டந்தன். பிழை என்னிலதான், தங்கச்சிய ஏசாதீங்க."

"எங்க அந்த நாவல்?"

"வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்திட்டன்."

"வெள்ளிக்கிழமை தையலுக்கெண்டல்லவா போன நீ?"

அக்கா பின்னல் நுனியை விரலில் சுற்றினாள். காற்று கூரைத் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

"எத்தின வெள்ளி தையலுக்குப் போகல்ல?"

"மூண்டு மாசமா" என்றாள் அக்கா, மெதுவாக. பொய் சொல்லத் தெரியாதவள். தாளில் இருந்த மூன்று மாதமும் அவள் வாயிலிருந்து வந்த மூன்று மாதமும் அப்பாவின் முகத்தில் ஒன்றோடொன்று பொருந்தியதை நான் பார்த்தேன்.

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்ச, இந்த வீட்டில அப்பிடியொரு புத்தகம் கிடந்ததா?"

அம்மா வாசல் நிலையில் கை வைத்து நின்றாள். அம்மாவுக்குத் தெரியும், அம்மா சொல்வாள், முடிந்துவிடும்.

"எனக்குத் தெரியா" என்றாள் அம்மா. "நான் எங்க புத்தகத்தக் கண்டன்." விரலிலிருந்த சுண்ணாம்பை நிலையில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்து வாசிகசாலைக்குக் கூட்டிப்போனார். வழி முழுவதும் நான் அந்தப் பூட்டுப் போட்ட அலுமாரியைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் எழுந்து நின்று வரவேற்றார்.

"மாஸ்டர், என்ட மூத்தவளுக்கு நீங்க காதல் நாவல் ஏதும் குடுத்த நீங்களா?"

"என்ன ஓவசியர் இப்பிடிக் கேக்கிறீங்க!" என்றார் மாஸ்டர். "பொம்புளப் புள்ளையளுக்கு நான் அப்பிடியானதக் குடுப்பனா? இஞ்ச அந்தக் குப்பையெல்லாம் இல்ல. இந்தாங்க, பதிவுக் கொப்பி. பாருங்க."

பதிவுக் கொப்பியில் எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே வரிசையாக என் மாயக் கதைகள் மட்டும்தான்.

"அலுமாரிக்குள்ள இரிக்கு அப்பா" என்றேன். "அதுக்குள்ளதான் இரிக்கு. திறக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கெஞ்சுகிற பார்வை. ஒரு பெரிய மனிதர் என்னைக் கெஞ்சியதை நான் அன்றுதான் முதலில் கண்டேன். "அதுக்குள்ள வாசிகசாலைக் கணக்குக் கடுதாசியள் மகள்" என்றார், அப்பாவைப் பார்த்து.

அப்பா திறக்கச் சொல்லவில்லை. ஒரு மரியாதையான ஆள் இன்னொரு மரியாதையான ஆளிடம் அலுமாரியைத் திறக்கச் சொல்வதில்லை. மகளின் வாழ்க்கையை விட அது பாரமான விடயம். "மன்னிச்சுக்கொள்ளுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீடு வரும் வரைக்கும் என் கையைப் பிடிக்கவில்லை.

அன்று பின்னேரம்தான் மாமி வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். அந்த வருடத் தொடக்கத்தில் அவளே அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தாள். மாமாவின் வழியில் உறவு, செங்கலடிச் சந்தியில் கடை, மனைவியை இழந்தவர், முப்பத்தெட்டு வயது. அக்கா படிப்பிக்கப் போகிறாள் என்று அப்போது அப்பாவே மறுத்துவிட்டார். மாமி பொல்லாதவள் இல்லை. அவளுக்கு ஒரு முடிவு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. அதற்கு ஒரு கதைதான் தேவைப்பட்டது.

என்னைக் குசினி மர வாங்கில் தன் பக்கத்தில் இருத்தி, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்த இனிப்புத் தொதலைக் கையில் தந்தாள். தலையைத் தடவினாள்.

"உண்மையச் சொல்லு கிளி. மாமி ஏசமாட்டன். அக்காவையும் ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டம்."

"அது நாவல் மாமி. சத்தியமா நாவல்."

"அது நேத்துச் சொன்ன கத. இப்ப மாமிக்கு மட்டும் சொல்லு. நல்ல பொடியன் எண்டா அவனையே பேசிக் கட்டி வெச்சிருவம். உன்ட அக்கா உள்ளுக்க கிடந்து அழுறாள், கேக்குதல்லா?"

கேட்டது. காலையிலிருந்து அவளை அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், சாப்பாடும் கொடுக்கவில்லை. நான் உண்மையை அப்பாவிடம் சொன்னேன், வாசிகசாலையில் சொன்னேன், இப்போது மாமியிடமும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும் அக்காவின் நிலைமை மோசமாகத்தான் போனது. பெரியவர்களுக்கு உண்மை வேண்டாம் என்று மட்டும் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆளைக் கொடுத்துவிட்டால் கதவு திறக்கும், அக்கா சாப்பிடுவாள், அந்த ஆளையே கட்டி வைப்பார்கள். அந்த ஆள் இல்லையே என்ற யோசனை எனக்கு வராமலில்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் 'பிறகு' என்பது மிகப் பெரிய இடம்.

"ஓம்" என்றேன்.

மாமியின் கை என் தலையில் அப்படியே நின்றது. "ஆர்?"

நான் வாசித்ததெல்லாம் எனக்கு உதவிக்கு வந்தது. நாவலிலிருந்து சர்வேயரை எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன். மாயக் கதையில் ஓர் இளவரசனுக்கு இடது புருவத்தில் வாள் வெட்டுத் தழும்பு இருந்தது, அதையும் வைத்தேன். அவனுடைய குதிரையைச் சைக்கிள் ஆக்கினேன். வவுணதீவுப் பக்கத்திலிருந்து தோணியில் வருவான், சைக்கிளையும் தோணியில் ஏற்றி வருவான் என்றேன். அக்கா சிரித்தால் அவனும் சிரிப்பான் என்றேன். மாமி ஒவ்வொன்றையும் வாயைத் திறந்து விழுங்கினாள். நான் சொன்ன உண்மையை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"பேர் என்ன?"

"தெரியா" என்றேன். தொதல் கையில் உருகி விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

மாமி வாக்கைக் காப்பாற்றவில்லை. அப்பாவிடம் சொன்னாள். அப்பா அக்காவை அடித்தார். அதற்கு முன் அவர் எங்களை அடித்ததில்லை. "அப்பிடி ஒருத்தரும் இல்ல அப்பா, அப்பிடி ஒருத்தரும் இல்ல" என்று அக்கா சொன்னதையே சொன்னாள். நான் ஓடிப்போய் அப்பாவின் காலைப் பிடித்து, "நான் பொய் சொன்னன், எல்லாம் பொய்" என்று கத்தினேன். "இப்ப அக்காவக் காப்பாத்தப் பாக்கிறாள்" என்றாள் மாமி. என் பொய்யை உண்மையாக எடுத்தவர்கள், என் உண்மையைப் பாசமாக எடுத்துக்கொண்டார்கள்.

தேடினார்கள். மாமா இரண்டு கிழமை தோணித்துறையில் போய் இருந்து, சைக்கிளோடு வருகிறவர்களின் புருவத்தைப் பார்த்தார். பெயர் தெரியாமல் சர்வேயர் கந்தோரில் போய் விசாரிக்க முடியாது, ஆளாளாய் விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆள் அகப்படவில்லை. அகப்படாததே அவன் பெரிய கள்ளன் என்பதற்கு அத்தாட்சியாயிற்று.

பயிற்சிக் கலாசாலைக் கடிதம் புரட்டாதியில் வந்தது. அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா பதில் எழுதி, உறையை ஒட்டி, தபாற் பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொல்லி என்னிடம்தான் தந்தார். இடத்தை ஏற்று எழுதியிருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்ப் போட்டேன். மறுத்து எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாரி தொடங்குவதற்கு முன் கலியாணம் நடந்தது. செங்கலடிக் கடைக்காரர்தான். நம் பக்கத்து வழக்கப்படி வீட்டை அக்காவின் பெயருக்கு எழுதினார்கள், அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் செய்ததை நாங்களே தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கும்படி ஆயிற்று. மச்சான் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. அதைச் சொல்லியே அம்மா மற்றவர்களிடம் பெருமைப்படுவாள். விளக்கு வைத்த கையோடு சாப்பிடுவார், சாப்பிட்டதும் படுப்பார். ஆனால் சோற்றில் ஒரு கல் கடிபட்டால் போதும், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொல்வார்: "நான் எடுக்காட்டி இவள ஆர் எடுத்திருப்பான்?" அப்பா குனிந்து சாப்பிடுவார். அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள். முதல் வருடம் அக்கா அழுதாள். பிறகு கல்லில்லாமல் அரிசி அரித்துப் பழகினாள்.

கதைப் புத்தகம் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். வீட்டில் மிஞ்சிக் கிடந்த என் மாயக் கதைகளைக் கடைக்குக் கொண்டுபோய்த் தாள் தாளாகக் கிழித்து மல்லி, மிளகு சுற்றிக் கொடுத்தார். அக்கா பின்னலைக் கடிப்பதும் நின்றது. கொண்டை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து நான் கண்டதில்லை. வேதாகமத்தைக்கூட மற்றவர்கள் வாசிக்கத்தான் கேட்டாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு அதே கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. இந்த முறை அப்பா ஏற்று எழுதினார். அக்காவுக்கென்று ஒரு காலத்தில் வாங்கி வைத்திருந்த இரண்டு வெள்ளைச் சீலைகளை அவளே மடித்து என் பெட்டியில் வைத்தாள். நான் முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். நீங்கள் எல்லாரும் என்னை ரீச்சர் என்று கூப்பிடுகிறீர்களே, அந்தப் பெயர் அவளுடையது.

படிப்பிக்கப் போன மூன்றாம் வருடம், ஆசிரியர் அறையில் ஒருத்தி அதே நாவலை முழுப் புத்தகமாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார், அந்தத் தழும்புக்காரனை நம்பிக்கொண்டே. அம்மா குசினி வாங்கில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். மட்டையைப் பார்த்தாள். பேரை வாசித்தாள். தெரியாத மாதிரி நடிக்கவில்லை, அதற்கு மட்டும் நன்றி.

"அண்டைக்கு ஏன் அம்மா சொல்லல்ல?"

அம்மா இன்னொரு பாக்கை எடுத்தாள். "சொன்னா நான் எப்பிடி அறிஞ்சன் எண்டு கேட்டிருப்பாரு" என்றாள்.

"கேக்கட்டுமே."

"உனக்கு விளங்காது. நீ கட்டல்ல." பிறகு, "அவள் எப்பிடியும் ஒருத்தனக் கட்டத்தானே வேணும்" என்றாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: "கடைசியில அந்தச் சர்வேயர் வாறானா?"

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முடிவைச் சொல்லவில்லை. அம்மா சாகும் வரைக்கும் சொல்லவில்லை. என்னால் கொடுக்க முடிந்த தண்டனை அது ஒன்றுதான்.

மச்சான் காலமாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு பகல். பிள்ளைகள் ஊரூராய்ப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் குசினியில் இருந்து பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்டைக்கு மாமியட்ட நீ என்ன சொன்ன நீ?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஆர் சொன்ன எனக்கு? ஒரு ஆள் எண்டு மட்டும்தான் தெரியும். எப்பிடியான ஆள் எண்டு கேக்கப் பயம். கேட்டா அவனத் தெரிஞ்ச மாதிரிப் போயிரும்."

எப்படிப்பட்ட ஆளுக்காகத் தன்னை அடித்தார்கள் என்று தெரியாமலே முப்பத்தேழு வருடம் இருந்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வேயர், வெள்ளைச் சட்டை, தோணி. புருவத்துத் தழும்பு எங்கிருந்து வந்ததென்றும் சொன்னேன். குதிரை சைக்கிள் ஆன இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பன்னிரண்டு வயதில் என் தாளை வாசித்துச் சிரித்த அதே சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்புத்தான். நானும் முட்டாள்தனமாகச் சேர்ந்து சிரித்தேன். இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

"மாமி பேர் கேக்கல்லயா?"

"கேட்டா. தெரியா எண்டன்."

அக்கா ஒரு தண்டைக் கையில் எடுத்து, இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். கடைசி இலையும் முடிந்தது.

"ஒரு பேரச் சொல்லியிரிக்கலாமே புள்ள" என்றாள். "என்ன பேரெண்டாலும். சர்வேயர் கந்தோரில போய்க் கேட்டிருப்பாங்க. அப்பிடி ஒருத்தன் இல்லையெண்டு ஒரு நாளையில தெரிஞ்சிருக்கும்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. பிழைத்துப்போன கணக்கைப் பார்த்துச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஒரு தண்டு கீரை ஆய்கிற நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அத்தனை வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

தண்டை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.